ஊஷாக்கா கப்பலில் ஒரு காலைப் பொழுது

தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரையில் இருக்கும் ஊஷாக்கா மரைன் வேர்ல்டு என்ற கடல் பூங்காவுக்குப் பள்ளி விடுமுறையில் பேரனோடு போனேன். 2004இல் திறந்த இடம். சறுக்குத் தண்ணீர் விளையாட்டெல்லாம் இருக்கிறது, சின்னவர்களுக்கு அது போதும். எனக்கு அங்கே பிடித்தது மீன் காட்சியகம்தான்.

அதைக் கரை தட்டிய பழைய சரக்குக் கப்பல் போலக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே மங்கலான வெளிச்சம், துருவேறிய தகடுகள். ஒரு மூலையில் திரும்பினால் சட்டென்று கண்ணாடிக்குப் பின்னால் சுறா! அடுத்து என்ன வரும் என்று யாரும் சொல்லிக்கொண்டு வருவதில்லை, நாமேதான் தேடிப் பார்க்க வேண்டும். ராட்டினத்தில் ஏறினால் இரண்டு நிமிடத்தில் இறக்கிவிடுவார்கள். இங்கே ஒரு திருக்கை மீனின் வெள்ளை வயிற்றை, அதன் வாய் திறந்து மூடுவதை, நானும் பேரனும் கால் மணி நேரம் பார்த்தபடி நின்றோம். ஏழு வயதுக்காரனும் அறுபத்தெட்டு வயதுக்காரியும் சேர்ந்து விளையாட வேறு எங்கே முடியும்?

ஒரு துருப்பிடித்த சுவரைத் தடவிக்கொண்டே, "ஆயா, நம்ம ஆளுங்க இந்த மாதிரிக் கப்பல்லதான் வந்தாங்களா?" என்று கேட்டான். 1860இல் மெட்ராஸிலிருந்து முதன்முதலில் நம்மவர்களை ஒப்பந்தக் கூலிகளாக இங்கே ஏற்றி வந்த 'ட்ரூரோ' கப்பலின் கதையை அங்கேயே, மீன்களுக்கு நடுவில் நின்று சொன்னேன். வீட்டில் சொன்னபோதெல்லாம் அவன் இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை.

முட்டிவலி உள்ளவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். அப்புறம், நடக்கத் தோதான செருப்பு போட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் அடுத்த விடுமுறையிலும் போகிறோம்.