பில் யார் பெயரில்? இங்கிலாந்தில் பகிர்ந்து வாழ்வோரும் கவுன்சில் வரிக்குறைப்பும்

லண்டனின் ஈஸ்ட்ஹாமிலோ ஹாரோவிலோ நாலு பேர் சேர்ந்து வீடு எடுக்கும்போது வாடகை, அறை, சமையலறை முறை எல்லாம் பேசித் தீர்த்துக்கொள்கிறார்கள். குடியிருக்கும் வீட்டுக்காக உள்ளாட்சி மன்றமான கவுன்சிலுக்குக் கட்டும் கவுன்சில் வரியின் பில் யார் பெயரில் வரும் என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. வருமானம் குறைந்தவர்களுக்கான வரிக்குறைப்புக்கு விண்ணப்பிக்கும்போது கவுன்சில் முதலில் பார்ப்பது அந்தப் பெயரைத்தான், சம்பளத்தை அல்ல.

2013 ஏப்ரல் வரை இந்த உதவிக்கு நாடு முழுவதும் ஒரே விதி இருந்தது. அரசு அதற்கான நிதியில் பத்து சதவீதத்தை வெட்டிவிட்டு, திட்டத்தை அந்தந்த கவுன்சிலின் தலையில் கட்டியது. ஓய்வூதிய வயதினருக்கு மட்டும் பொது விதி நீடிக்கிறது. மற்றவர்களுக்குச் சில கவுன்சில்கள் வரி முழுவதையும் தள்ளுபடி செய்யும். பல கவுன்சில்கள் எவ்வளவு வறியவரானாலும் ஒரு பங்கைக் கட்டவைக்கும். ஸ்காட்லாந்து, வேல்ஸ் விதிகள் வேறு. இங்கே பேசுவது இங்கிலாந்தைப் பற்றி மட்டும்.

வீட்டைப் பகிர்ந்து வாழும் மூன்று வழிகளைப் பார்ப்போம். முதல் வழி, கூட்டு ஒப்பந்தம். மூன்று பேர் ஒரே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் பொதுவாக மூவரும் சேர்ந்து வரிக்குப் பொறுப்பு. ஆண்டு வரி 1,800 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். மூவரில் ஒருவருக்கு வேலை போய்விட்டது. அவர் வரிக்குறைப்பு கேட்கலாம். மற்ற இருவரின் சம்பளம் இதில் குறுக்கே வராது. ஆனால் பல கவுன்சில்களின் கணக்கு அவருடைய பங்கான 600 பவுண்டின் மீதுதான். அந்த ஊர்த் திட்டம் 80 சதவீதம் வரை தருமானால் 480 கழியும், 1,320 மிஞ்சும். சிக்கல் இனிமேல்தான். அந்த 1,320 முழுவதையும் மூவரில் எவரிடமிருந்தும் வசூலிக்கக் கவுன்சிலுக்கு உரிமை உண்டு. 'என் பங்கைக் கட்டிவிட்டேன்' என்ற வாதம் நீதிமன்றத்தில் எடுபடாது. தவணை தவறி, நினைவூட்டலுக்குப் பிறகும் கட்டாவிட்டால் அந்த ஆண்டின் மீதித் தொகை முழுவதும் ஒரேயடியாகக் கேட்கப்படும். அதையும் விட்டால் நீதிமன்ற ஆணை, அதன்பின் ஜப்திக்காரர்.

இதே வீட்டில் இருவர் முழுநேர மாணவர்கள் என்றால் கதை மாறிவிடும். மாணவர்கள் தலைக்கணக்கில் வரமாட்டார்கள், கூட்டுப் பொறுப்பிலும் இல்லை. வேலைக்குப் போகும் மூன்றாமவர் தனியாளாகக் கருதப்பட்டு 25 சதவீதக் கழிவு பெறுவார். மீதி 1,350 பவுண்டும் அவர் ஒருவர் தலையில். வருமானம் குறைவென்றால் அந்த முழுத் தொகையின் மீதும் அவர் வரிக்குறைப்பு கேட்கலாம் என்பது ஒரு ஆறுதல். மாணவ நண்பர்களிடம் பங்கு கேட்பது நட்பைப் பொறுத்தது; சட்டம் துணைக்கு வராது.

இரண்டாவது வழி, அறை வாடகை. ஒவ்வொருவருக்கும் தனி ஒப்பந்தம், சமையலறையும் குளியலறையும் பொது. இங்கே வரி கட்டவேண்டியவர் வீட்டு உரிமையாளர். முன்பு சில வீடுகளில் ஒவ்வொரு அறையையும் தனி வீடாக மதிப்பிட்டு, குடியிருப்பவர் பெயரிலேயே பில் அனுப்பிய கூத்தும் நடந்தது. 2023 டிசம்பர் 1 முதல் இத்தகைய வீடு முழுவதும் ஒரே அலகுதான். பில் உங்கள் பெயரில் இல்லை என்பதால் வரிக்குறைப்பும் இல்லை, கையில் ஒரு பென்னி வருமானம் இல்லாவிட்டாலும். உரிமையாளர் வரியை வாடகையில் ஏற்றித்தான் வாங்குவார். இருந்தாலும் அடுத்த அறைக்காரர் ஓடிப்போனால் அவர் கடன் உங்களைத் துரத்தாது. கூட்டாளிகளை நன்கு தெரியாதென்றால் நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

மூன்றாவது, சொந்த வீட்டில் இருக்கும் உறவினரோடு தங்குவது. பில் வீட்டுக்காரர் பெயரில்தான். கணவரை இழந்து தனியாக இருக்கும் ஒரு தாய் 25 சதவீதக் கழிவும், அதற்கு மேல் வரிக்குறைப்பும் பெறுகிறார் என்று கொள்வோம். மகன் திரும்பி வந்து சேர்ந்தால் தனியாள் கழிவு போய்விடும். அதோடு, மகன் வீட்டுச் செலவுக்குக் கொடுக்கவேண்டியவர் என்று கருதி, அவர் வருமானத்துக்கேற்ப வாரம் ஒரு தொகையைத் தாயின் வரிக்குறைப்பிலிருந்து பிடிப்பார்கள். மகன் உண்மையில் கொடுக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. தாய் பராமரிப்புக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் வாங்கினால் இந்தப் பிடித்தம் கிடையாது. பலருக்கு இது தெரிவதில்லை. மகனுக்குப் பதில் வெளியாள் ஒருவர் முறையான வாடகைக்கு வந்தால் அப்போதும் பிடித்தம் இல்லை, ஆனால் அந்த வாடகையில் ஒரு பகுதி தாயின் வருமானமாகலாம்.

பென்ஷன் கிரெடிட் என்ற, வருமானம் குறைந்த முதியோருக்கான அரசு உதவித்தொகை பெறாமல், சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டியதால் வரிக்குறைப்பும் மறுக்கப்பட்ட முதியவருக்கு இன்னொரு கதவு உண்டு. கூட இருக்கும் இரண்டாவது ஆளின் வருமானம் மிகக் குறைவென்றால் அதைக் காரணம் காட்டி 25 சதவீதம் வரை தள்ளுபடி கேட்கலாம். இதற்கு முதியவரின் வங்கிக் கணக்கைப் பார்க்கமாட்டார்கள். உழைக்கும் வயதினருக்கு இந்தச் சலுகையைப் பல கவுன்சில்கள் எடுத்துவிட்டன.

விசாவில் அரசு உதவி பெறத் தடை உள்ளவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். தனியாள் கழிவு அந்தத் தடைக்குள் வராது, தாராளமாகக் கேட்கலாம். வரிக்குறைப்பு அந்தத் தடைக்குள் வரும், விண்ணப்பித்து வாங்கினால் விசாவுக்கே வம்பு. இவர்களுக்குக் கூட்டு ஒப்பந்தத்தால் எந்த ஆதாயமும் இல்லை, பொறுப்பு மட்டுமே மிச்சம்.

வருமானம் குறைந்த உழைக்கும் வயதினருக்கு அரசு தரும் யுனிவர்சல் கிரெடிட் கிடைத்துவிட்டால் வரிக்குறைப்பும் தானாக வந்துவிடும் என்று எண்ணிப் பல மாதங்களை இழந்தவர்கள் உண்டு. அதற்குப் பொதுவாகக் கவுன்சிலிடம் தனியாக விண்ணப்பிக்கவேண்டும். முடிவு தவறென்று தோன்றினால் முதலில் கவுன்சிலுக்கே எழுத்தில் காரணம் கேட்டு எழுதுங்கள். இரண்டு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ இத்தகைய முறையீடுகளைக் கேட்கும் மதிப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கு (Valuation Tribunal) போகலாம். அங்கே கட்டணம் கிடையாது.