சுயசான்று கட்டட அனுமதி: ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் யாருக்கு ஒத்துவரும்?

2024 ஜூலையில் தமிழக அரசு கொண்டுவந்த சுயசான்று கட்டட அனுமதி (விதிப்படிதான் கட்டுகிறேன் என்று உரிமையாளரே உறுதி கூறி வாங்குவது), சொந்த வீடு கட்டுகிறவருக்கு உண்மையிலேயே கைகொடுக்கிற சேவை. அறிமுகமானபோது வைத்த வரம்பு: மனை 2,500 சதுர அடிக்குள், வீடு 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் அதிகபட்சம் ஒரு மாடியும். இந்த அளவுக்குள் அடங்கினால் ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களை ஏற்றிப் பணம் கட்டியதும் அனுமதி கிடைத்துவிடும். வரைபடத்தைச் சரிபார்ப்பதற்கான கூராய்வுக் கட்டணம், உள்கட்டமைப்பு வசதிக் கட்டணம் இரண்டும் கிடையாது. பணி முடிப்புச் சான்றும் தேவையில்லை என்பதால் மின் இணைப்பு வாங்கும்போது ஓர் அலைச்சல் மிச்சம். மற்றபடி கட்டவேண்டிய தொகை சதுர அடிக் கணக்கு. ஊராட்சிக்கு ஒரு விகிதம், மாநகராட்சிக்கு வேறு.

ஓசூரில் 30-க்கு 40 அடி, 40-க்கு 60 அடி மனைகள்தான் அதிகம் புழங்குகின்றன. இரண்டும் வரம்புக்குள் வரும். 50-க்கு 60 வராது. 40-க்கு 60 மனையில் நாலு பக்கமும் 5 அடி விட்டால் கட்ட மிஞ்சுவது 30-க்கு 50, அதாவது தளத்துக்கு 1,500 சதுர அடி. இரண்டு தளம் போட்டாலும் 3,000தான். ஆக, 3,500 என்ற வரம்பு யாரையும் இடிப்பதில்லை. இடிப்பது மாடிக் கணக்கு. சிப்காட் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட இரண்டாவது மாடி எழுப்ப நினைப்பவர் தொடக்கத்திலேயே வழக்கமான அனுமதிக்குப் போய்விட வேண்டும். சுயசான்றில் வாங்கிவிட்டுப் பிறகு மேலே ஏற்றினால் அந்த மாடிக்கு அனுமதியே இல்லை. வீட்டை அடமானம் வைக்கும்போதோ விற்கும்போதோ வங்கி, அனுமதி வாங்கிய வரைபடத்தோடு வீட்டை ஒப்பிட்டுப் பார்க்கும். சிக்கல் அங்கேதான் வெடிக்கும்.

இணையதளத்தில் வேலை சுலபம். கஷ்டமெல்லாம் அதற்கு முன்னால், பட்டாவில். பத்திரத்தில் உங்கள் பெயர், பட்டாவில் இன்னும் பழைய உரிமையாளர் பெயர், அல்லது ஏழெட்டுப் பேர் சேர்ந்த கூட்டுப் பட்டா: தர்மபுரி, காவேரிப்பட்டணம் பக்கம் விவசாய நிலத்தைப் பிரித்து விற்ற மனைகளில் இது சகஜம். முதலில் உங்கள் பங்கைத் தனியே பிரிக்கும் உட்பிரிவுக்கு மனுப் போட்டு, சர்வேயர் அளந்து, தனிப் பட்டா கைக்கு வரட்டும். நில அளவைத் துறையின் புல வரைபடத்தில் உள்ள நீள அகலத்தை வைத்தே பொறியாளர் பிளான் போடட்டும். பட்டாவில் பரப்பு மெட்ரிக் அளவில் இருக்கும். 2,500 சதுர அடி என்பது சுமார் 232 சதுர மீட்டர். அங்கீகாரமில்லாத மனையானால் அதை முறைப்படுத்தும் வரன்முறை ஆணை வேண்டும். அந்த வரன்முறைத் திட்டம் 20.10.2016-க்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்கு மட்டுமே என்பதை மனை வாங்கும்போதே விசாரியுங்கள்.

முன்கூட்டியே யாரும் வந்து பார்ப்பதில்லை என்பது வசதிதான். ஆனால் தந்த விவரம் தப்பானால் பொறுப்பு முழுக்க உரிமையாளருடையது, அனுமதியும் ரத்தாகும். மழைநீர் சேகரிப்பைப் பிளானில் காட்டியபடியே கட்டுங்கள். முன்னறையைக் கடையாக்கும் எண்ணம் இருந்தால் இந்த வழி வேண்டாம். இது குடியிருப்புக்கு மட்டும்.