மேலே காய்ச்சுவதா, கீழே கொடுத்து வாங்குவதா?

கோத்தகிரியில் 'கீழே' என்றால் மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர். சோப்பு, தலைக்கு எண்ணெய், பாம் (மெழுகு கலந்த களிம்பு) என்று சொந்தப் பெயரில் ஏதாவது விற்க நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "கீழே யார்கிட்ட செய்யக் கொடுக்கறீங்க, என்ன ரேட்?" என்பதுதான். ரேட்டைக் கடைசியில் பார்க்கலாம். உங்கள் பொருளில் தண்ணீர் இருக்கிறதா, இல்லையா? அதை முதலில் சொல்லுங்கள்.

எண்ணெயிலும் பாமிலும் சோப்புக் கட்டியிலும் கிருமி எளிதில் வளராது. ஷாம்பு, க்ரீம், கற்றாழை ஜெல் எல்லாம் பாதிக்கு மேல் தண்ணீர். கெடாமல் காக்கும் பொருளை அளந்து சேர்க்க வேண்டும் (ஃபீனாக்ஸிஎத்தனால் என்றால் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது), பி.எச். (அமில-காரத் தன்மை) பார்க்க வேண்டும், பேட்ச் பேட்சாகக் கிருமிச் சோதனை வேண்டும். சமையலறையில் ஆகிற காரியமில்லை. தண்ணீர் சேர்ந்த பொருளை யோசிக்காமல் வெளியே கொடுத்துவிடுங்கள். மற்றவற்றுக்குத்தான் வழிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இங்கேயே செய்வது முதல் வழி. கையால் செய்த சோப்புக்கு லைசென்ஸ் வேண்டாம் என்று மலையில் பலர் நம்புகிறார்கள். அந்தக் காலத்தில் சட்டத்தில் சோப்புக்கு விலக்கு இருந்தது உண்மைதான். 1982 திருத்தத்தோடு அது போய்விட்டது. இப்போது 2020 அழகுசாதன விதிகளின்படி சி.ஓ.எஸ்.-5 படிவத்தில் விண்ணப்பித்து சி.ஓ.எஸ்.-8 உரிமம் வாங்க வேண்டும். அதற்குத் தனி இடமும் தகுதியுள்ள முழுநேரத் தொழில்நுட்ப ஆள் ஒருவரும் வேண்டும். நான் சோப்புக்கு மட்டும் இப்படி வாங்கினேன். நூறு கட்டி செய்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் அடுத்த முறை மாற்றலாம். அந்தச் சுதந்திரத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் காய்ச்சாமல் செய்யும் சோப்பு நான்கிலிருந்து ஆறு வாரம் உலர வேண்டும். ஐப்பசி கார்த்திகை மஞ்சில் எங்கள் ஊரில் அது எட்டு வாரம் கூட இழுக்கும். தீபாவளி ஆர்டருக்கு ஆடியிலேயே ஊற்றி வைத்துவிடுவேன்.

இரண்டாவது, வடக்கே இமாச்சலத்தின் பத்தி (Baddi), உத்தராகண்டின் ஹரித்வார் பக்கத்துத் தொழிற்சாலைகள். அங்கே ஃபார்முலா தயாராக இருக்கும், உங்கள் லேபிளை ஒட்டித் தருவார்கள். பிரைவேட் லேபிள் என்பது இதுதான். ரேட் குறைவு, குறைந்தபட்ச ஆர்டர் அதிகம். 100 மில்லி பாட்டில் ஆயிரம் என்றால் நூறு லிட்டர். ஒரே வாசனையில் நூறு லிட்டரை நான் எத்தனை மாதம் விற்பேன்? சோப்பு என்றால் பெரும்பாலும் சோப் நூடுல்ஸ் (ஆயத்தமாக விற்கும் சோப்புத் துணுக்குகள்) வாங்கி, நிறமும் வாசனையும் சேர்த்து அழுத்தியெடுப்பது. அதில் தப்பில்லை. 76 சதவீத டி.எஃப்.எம். (மொத்தக் கொழுப்புப் பொருள்) இருந்தால் நல்ல முதல் தர சோப்புதான். ஆனால் 'நீலகிரி' என்று பெரிதாகப் போட்ட அட்டையைத் திருப்பினால் 'தயாரிப்பு: ஹரித்வார்' என்று இருக்கும். தயாரிப்பாளர் முகவரியும் உரிம எண்ணும் லேபிளில் போட்டே ஆக வேண்டும். ஊட்டிக்குச் சுற்றுலா வருகிறவர்கள் அதையெல்லாம் படிப்பதில்லை என்பார்கள். என் வாடிக்கையாளர்கள் படிக்கிறார்கள்.

மூன்றாவது, கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு நடுத்தரத் தயாரிப்பாளர். பாட்டிலுக்கு வடக்கைவிடக் கூடுதலாகவே கேட்பார்கள். இருந்தும் எண்ணெய்க்கும் பாமுக்கும் நான் இதைத்தான் பிடித்துக்கொண்டேன். காலை முதல் பஸ்ஸில் இறங்கினால் மதியம் கலக்கும்போது பக்கத்தில் நிற்கலாம். இரண்டு முறை சூடுபட்ட பிறகுதான் இது எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தது.

முதல் சூடு என் மடத்தனம். ஏப்ரலில் கோயம்புத்தூரில் உட்கார்ந்து கூந்தல் தைலம் சாம்பிளுக்குச் சரி சொன்னேன். தேங்காய் எண்ணெய்தான் அதில் பிரதானம், பாட்டிலுக்குச் சின்ன வாய். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டிசம்பரில் ஊட்டிக் கடைகளில் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டு வரவில்லை. அவர்கள் செய்திருந்தது 40 டிகிரிச் சோதனை மட்டும். குளிரில் வைத்துப் பாருங்கள் என்று நான் கேட்கவில்லை. இப்போது நல்லெண்ணெய் பங்கைக் கூட்டி, அகல வாய் டப்பாவுக்கு மாற்றிவிட்டோம். பாமுக்குச் சிக்கல் நேர் எதிர். இங்கே கட்டியாக நிற்கிற பாம் சித்திரை வெயிலில் சென்னை கூரியர் வண்டிக்குள் கூழாகிவிடும். தேன்மெழுகைக் கூட்டினால் சரியாகும், ஆனால் அப்போது இங்கே குளிரில் விரலால் எடுக்க வராது. இரண்டு ஊருக்கும் ஒத்துவரும் அளவுக்கு ஐந்து சாம்பிள் ஆயிற்று.

இரண்டாவது சூடு அவர்களால். கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தைலத்தை நானே இங்கிருந்து கேனில் கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். இரண்டாவது பேட்சில் வாசனை மெலிந்திருந்தது. நல்லவேளை, முதல் பேட்சில் ஒரு பாட்டிலை எடுத்து வைத்திருந்தேன். இரண்டையும் மேசைமேல் வைத்தேன்.

"உங்க கேன் தீர்ந்துடுச்சு மேடம், எங்ககிட்ட இருந்ததைச் சேர்த்தோம். ரெண்டும் யூகலிப்டஸ்தானே?"

பேட்ச் சீட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. அன்றிலிருந்து நான்கு விஷயங்களைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் முன்பணம் கொடுப்பதில்லை: மூலப்பொருள் மாறினால் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், பேட்சுக்கு இரண்டு பாட்டில் என்னிடம் வரும், ஃபார்முலா என்னுடையது, கெட்டுப்போனால் திருப்பி எடுப்பது அவர்கள் பொறுப்பு. மூன்றாவதைச் சொன்னதும் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும். அது எழுத்தில் இல்லாவிட்டால் நாளைக்கு வேறு இடம் மாறும்போது உங்கள் தைலத்தின் அளவு அவர்களிடமே நின்றுவிடும்.

லோன் லைசென்ஸ் என்று நான்காவது வழி ஒன்றும் உண்டு. தொழிற்சாலை அவர்களுடையது, உரிமம் உங்கள் பெயரில் (சி.ஓ.எஸ்.-9). கேட்கக் கௌரவமாக இருக்கும், கூடவே தரப் பொறுப்பும் உங்கள் தலைக்கு வந்துவிடும். மாதம் ஒரு பேட்ச் போடாதவர்களுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது என்பது என் கணக்கு.

யாரிடம் கொடுத்தாலும் 'முடி உதிர்வைக் குணப்படுத்தும்' என்று லேபிளில் அச்சடிக்க ஒப்புக்கொள்கிறவரைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். குணப்படுத்தும் என்று சொன்னால் சட்டத்தின் கண்ணில் அது மருந்து, அழகுசாதனம் இல்லை. ஆயுர்வேத, சித்த லைசென்ஸ் தனிப் பாதை, அதன் படிவங்களும் வேறு.

ஷாம்பு மட்டும் நான் இன்னும் தொடங்கவில்லை. கோயம்புத்தூர்க்காரர் 500 பாட்டிலில் நிற்கிறார், நான் 200-இல் நிற்கிறேன். அடுத்த வாரம் எண்ணெய் பேட்சுக்குக் கீழே போகும்போது மறுபடி பேச வேண்டும்.