கென்ஷின் கதையில் எது மூலம், எது இடைச்செருகல்?

கென்ஷின் இம்பாக்ட் என்ற வீடியோ கேம் 2020 செப்டம்பரில் வந்தது. அன்றிலிருந்து ஏறக்குறைய ஆறு வாரத்துக்கு ஒரு பதிப்பு, அதாவது புதிய அப்டேட். இத்தனை ஆண்டு விளையாடியவர்கள்கூடக் கதை பற்றிப் பேச்செடுத்தால் ஓரிடத்தில் முட்டிக்கொள்வார்கள்: எதை நடந்ததாக எடுத்துக்கொள்வது? கேமர்கள் இதைக் கேனன் என்பார்கள். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்களிடம் இதைவிட நல்ல சொற்கள் இருந்தன. மூலம், பாடபேதம் (ஒரே செய்தி பிரதிக்குப் பிரதி மாறுவது), இடைச்செருகல் (பிறர் பின்னால் நுழைத்தது). மூன்றுக்கும் இந்த விளையாட்டில் வேலை உண்டு.

உச்சியில் இருப்பது ஆர்க்கான் குவெஸ்ட், அதாவது மையக் கதை. வேறெந்தக் குறிப்பு முரண்பட்டாலும் இங்கே சொன்னதுதான் செல்லும். தனித்தனிப் பாத்திரங்களின் கதையான ஸ்டோரி குவெஸ்ட், ஊர் ஊராகக் கிடைக்கும் கிளைக்கதையான வேர்ல்ட் குவெஸ்ட் இரண்டும் அதற்கு அடுத்த படி. வேர்ல்ட் குவெஸ்டைப் பரிசுக்காக வேகமாகத் தட்டிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். சுமேரு என்ற நாட்டின் அரண்யகா தொடரை அப்படித் தட்டிவிட்டால், அந்தக் காட்டைப் பிடித்த நோய் பற்றிப் பாதிதான் புரியும்.

புத்தகங்கள், ஆயுதக் குறிப்புகள், ஆர்ட்டிஃபாக்ட் (பாத்திரங்கள் அணியும் பொருள்) குறிப்புகள் தனி ரகம். அவை விளையாட்டுக்குள் இருப்பவை, ஆகவே மூலம்தான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை அந்த உலகத்து மனிதர் யாரோ எழுதியவை, அல்லது கேட்டுச் சொன்னவை. 2022 ஜனவரியில், 2.4 பதிப்பில், வந்த எனகனோமியா என்ற பகுதியில் கிடைக்கும் பழைய நூல் ஒன்று உலகத் தோற்றத்தையே வேறுவிதமாகச் சொல்கிறது. கதைக்குள்ளேயே அது தடை செய்யப்பட்ட நூல். அதைத் தூக்கிப்பிடித்து "இதுதான் உண்மை" என்பதும் தவறு, "வெறும் கட்டுக்கதை" என்று தள்ளுவதும் தவறு. தலபுராணத்தைக் கல்வெட்டு போல வாசிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

விளையாட்டுக்கு வெளியே உள்ளவற்றில் 2018இல் தொடங்கிய மங்காவுக்கு (படக்கதைக்கு) மட்டும் நல்ல எடை உண்டு. அதில் வந்த கொலேய் 2022 ஆகஸ்டில் 3.0 பதிப்பில் விளையாட்டுக்குள் வந்தாள். விளையாட்டின் மற்ற பாத்திரங்களான ஆம்பரோடும் சைனோவோடும் அவளுக்கிருந்த பழைய உறவு அப்படியே செல்லுபடியானது. ரசிகர் ஊகத்துக்கு அந்த எடை கிடையாது, அதுதான் இடைச்செருகல். நெருப்புத் தெய்வத்தின் பெயர் முராட்டா என்று ஆண்டுக்கணக்காகப் பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். 2024 ஆகஸ்டில் அந்தத் தெய்வத்தின் நாடான நாட்லான் திறந்தபோது அரியணையில் இருந்தவள் மவுயிகா.

உண்மையான குறை, சில வாரம் மட்டும் நடக்கும் இவெண்ட் கதைகளில் இருக்கிறது. அவையும் மூலக் கதையே, ஆனால் காலம் முடிந்தால் மறைந்துவிடும். 2020 நவம்பரில், 1.1 பதிப்பில், விண்கற்கள் விழும் இவெண்டில்தான் ஸ்காராமூஷ் என்ற வில்லன் முதலில் வந்தான். அடுத்து அவன் வருவது 2021இல் இனாசுமா நாட்டின் ஆர்க்கான் குவெஸ்டில். அந்த இவெண்டை ஆடியவர்களுக்கு அது இரண்டாம் சந்திப்பு, பின்னால் சேர்ந்தவர்களுக்கு யாரென்றே தெரியாத ஒருவன். மூலம் என்று முத்திரை குத்திவிட்டு ஏட்டைக் கிழித்துப்போடும் இந்தப் பழக்கம்தான் விளையாட்டின் மிக மோசமான கதை முடிவு.

அதே ஸ்காராமூஷ் 2022 டிசம்பரில், 3.3 பதிப்பில், உலகத்தின் நினைவையெல்லாம் வைத்திருக்கும் இர்மின்சுல் மரத்திலிருந்து தன் பெயரை அழித்துக்கொள்கிறான். அதற்கு ஒரு பதிப்பு முன்னால், 3.2இல், சுமேருவின் பழைய தெய்வமான ருக்கதேவதாவின் நினைவும் இப்படித்தான் அழிந்தது. நடந்த சம்பவங்கள் மாறவில்லை. அவற்றுக்கு ஊர் சொல்லும் காரணம் மாறிவிடுகிறது. வேற்றுலகத்திலிருந்து வந்த பயணிக்கு, அதாவது நாம் ஆடும் பாத்திரத்துக்கு, மட்டும் பழையது நினைவிருக்கிறது. ஆக, பாடபேதத்தைக் கதையே உண்டாக்குகிறது. சுமேரு மக்கள் முன்பு சொன்னதும் இப்போது சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் எழுத்தாளர் சறுக்கிவிட்டார் என்று பாயாமல், அந்தப் பேச்சு 3.2க்கு முன்பா பின்பா என்று பார்க்க வேண்டும். பழைய அத்தியாயங்களை முடிக்காமல் புதிய நாட்டுக்குத் தாவும் விரைவுத் தொடக்க வசதி இங்கேதான் காலை வாரும். நண்பர்களோடு சேர்ந்து விளையாட அவசரம் என்றால் சரி. கதைக்காக ஆடுகிறவர்கள் அதைத் தொடாமல் இருப்பது மேல்.

மொழி இன்னொரு சிக்கல். எழுதப்படுவது சீனத்தில், தமிழ் கிடையாது, நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில்தான் வாசிக்கிறோம். கதையில் தெய்வங்கள் முன்னொரு காலத்தில் மோதிய போர் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'ஆர்க்கான் போர்' என்பது சீனத்தில் 'மோஷென்' போர். அன்று போரிட்ட எல்லாத் தெய்வங்களும் மோஷென். வென்று அரியணை ஏறிய எழுவருக்கு அங்கே வேறு பட்டம். ஆங்கிலத்தில் அந்த எழுவரையும் ஆர்க்கான் என்றே சொல்லிவிட்டதால் தோற்றவர்களும் ஆர்க்கான்களா என்ற குழப்பம் இன்றும் ஓயவில்லை. போதாதற்கு அந்த எழுவரில் சிலரின் பெயர்களான பார்பட்டோஸ், மோராக்ஸ், புவேர் எல்லாம் பழைய ஐரோப்பிய மந்திர நூலின் 72 பூதங்களின் பெயர்கள். அந்தப் பூதங்களையும் சீனத்தில் மோஷென் என்பதால் அங்கே குறிப்பு பளிச்சென்று தெரியும், ஆங்கிலத்தில் நழுவிவிடுகிறது. சந்தேகமான வரி வந்தால் செட்டிங்ஸில் எழுத்து மொழியைச் சீனமாக்கி ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, பக்கத்து மேசைச் சீன நண்பரிடம் அந்த ஒரு சொல்லை மட்டும் கேளுங்கள். சிங்கப்பூரில் ஆளுக்குப் பஞ்சமில்லை. குரல் மொழியை மாற்றினால்தான் தனியாக டவுன்லோட் செய்ய வேண்டும்.

இவெண்ட் கதையைச் சேமிக்க ஒரே வழி ஸ்க்ரீன் ரெக்கார்டிங். உரையாடலை ஆட்டோவில் விடுங்கள், 720பி போதும், கோப்பின் பெயரில் பதிப்பு எண்ணை முதலில் வையுங்கள். கதைப் பகுதி நாளுக்கு ஒன்றாகத் திறப்பதுண்டு, அதனால் கடைசி நாள் ஒரே மூச்சில் ரெக்கார்ட் செய்வது வசதி. ஆனால் கடைசி நாள் எது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆசியா சர்வர் நேரமும் சிங்கப்பூர் நேரமும் ஒன்றே. நாள் மாறுவது விடிகாலை 4 மணிக்கு. இவெண்ட் பக்கத்தில் '30ஆம் தேதி 03:59' என்று போட்டிருந்தால் 29ஆம் தேதி இரவு தூங்கப்போகுமுன் முடித்துவிட வேண்டும்.