அமராவதி ஆற்றுக் காசு என்று விற்கப்படும் திபேரியஸ் வெள்ளி: வாங்குமுன் படியுங்கள்

கரூர் அமராவதி ஆற்று மணலில் கிடைத்தது என்று சொல்லி, முகத்தில் உளி வெட்டு விழுந்த ரோமானிய வெள்ளிக் காசுகளைக் கொங்குப் பக்க நாணயக் கண்காட்சிகளில் ஒருவர் விற்று வருகிறார். தனியாக மேசை போடமாட்டார். கூட்டத்தில் பேச்சுக் கொடுத்து, சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுவார். என்னிடம் ரோமானியப் பேரரசர் திபேரியஸின் காசு ஒன்றை 18,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டார். அது வார்ப்புப் போலி.

ஆள் விவரம் தெரிந்தவர். தமிழ்நாட்டில் கிடைக்கும் ரோமானிய வெள்ளியில் பெரும்பங்கு அகஸ்டஸ், திபேரியஸ் என்ற இரு பேரரசர்களுடையது என்பதில் தொடங்கினார். அகஸ்டஸ் காசின் பின்புறம் பேரன்கள் கையஸும் லூசியஸும் கேடயத்தோடு நிற்பது, திபேரியஸ் காசில் ஒரு பெண் அமர்ந்திருப்பது, அவள் அவருடைய தாய் லிவியா என்று சொல்லப்படுவது, எல்லாம் சரியாகவே சொன்னார். கடைசியில் வெட்டைக் காட்டி, "புதுக்கோட்டைப் புதையல் கேள்விப்பட்டிருப்பீங்களே சார், அதே வெட்டு" என்றார்.

1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 பொற்காசுகளில் பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்துக்குக் குறுக்கே உளி வெட்டு உண்டு. இனி இது நாணயமாகச் செல்லாது, எடைக்கு மட்டும்தான் என்று காட்ட வெட்டியிருக்கலாம் என்பார்கள். இந்தியாவில் கிடைத்த வெள்ளிக் காசுகள் சிலவற்றிலும் வெட்டு இருக்கிறது. அதனால் வெட்டைக் கண்டாலே நம் ஊர்ச் சேகரிப்பாளருக்குக் கை பரபரக்கும். போலி செய்தவருக்கும் அது தெரிந்திருக்கிறது.

குட்டு உடைந்தது, நண்பர் ஒருவர் அதே ஆளிடம் வாங்கிய காசை என் காசுக்குப் பக்கத்தில் வைத்தபோது. (அவருக்கு அதை ஜூலியஸ் சீசர் என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்றிருக்கிறார். எழுத்தில் சீசர் என்று இருக்கிறதாம்! சீசர் என்பது பின்வந்த பேரரசர்களும் வைத்துக்கொண்ட பெயர், திபேரியஸ் காசிலும் இருக்கத்தானே செய்யும்.) இரண்டிலும் வெட்டு ஒரே இடத்தில், ஒரே சாய்வில், ஒரே ஆழத்தில். காதோரக் கீறல்கூட அச்சு அசலாக ஒன்று. ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளுக்கு முகம் ஒன்றாக இருக்கலாம். ஆனால் வெட்டு பிற்பாடு, வேறொரு நாட்டில், காசு காசாகப் போட்டது. அது எப்படி ஒன்றாக இருக்கும்? வெட்டுள்ள ஒரு காசை வைத்து அச்செடுத்து, வெட்டோடு சேர்த்தே வார்த்திருக்கிறார்கள்.

லென்ஸில் பார்த்தால் மற்றதும் தெரிந்தது. உளி பாய்ந்த இடத்தில் உலோகம் பிதுங்கி ஓரம் கூர்மையாக நிற்க வேண்டும். இதில் கரைந்த சோப்புப் போல மழுங்கிக் கிடக்கிறது. விளிம்பைச் சுற்றி அரம் போட்ட தடம். எடை 3.2 கிராம். நல்ல நிலையில் உள்ள திபேரியஸ் வெள்ளி ஏறத்தாழ 3.7 கிராம் இருக்கும். தேய்ந்த காசு குறையும் என்பதால் எடையை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

அவர் நம்பிக்கைக்காகக் காட்டும் டச் சீட்டுதான் (வெள்ளியின் சுத்தத்தைச் சோதித்துத் தரும் சீட்டு) வேடிக்கை. 92.5 என்று இருக்கிறது. இன்றைய வெள்ளி நகைக்கான கணக்கு அது. திபேரியஸ் காலத்து வெள்ளி பெரும்பாலும் 97, 98 சதவீதம் சுத்தம். வெள்ளியின் தரம் குறைக்கப்பட்டது பிறகு, நீரோ காலத்தில். அவருடைய சீட்டே அவரைக் காட்டிக்கொடுக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "ஆத்துல கெடச்சதுக்கு ஏது சார் பில்லு?" என்றார். உண்மையிலேயே மண்ணிலிருந்து எடுத்த புதையல் என்றால், 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் தெரிவித்திருக்க வேண்டும். தொல்பொருளை வணிகமாக விற்க 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். இதைச் சொன்னதும் இணைப்பைத் துண்டித்தார். அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லை.

அதே வெட்டுள்ள காசை வைத்திருப்பவர்கள் எடையையும், இரு பக்கம், விளிம்பு ஆகியவற்றின் படங்களையும் எனக்கு அனுப்புங்கள். நானும் நண்பரும் காவல் நிலையத்தில் கொடுக்கப்போகும் புகாரோடு அவற்றையும் சேர்க்கிறோம்.