பாரிமுனை அத்தோ: பல வருஷப் பழக்கத்தில் சொல்கிறேன்

அத்தோ என்பது கையால் பிசைந்து தரும் பர்மா நூடுல்ஸ். அந்தக் கடைக்குப் போனால் முதலில் சூப்பை வாங்கிக் குடித்துப் பாருங்கள். நூடுல்ஸ் அப்புறம் இருக்கட்டும். சென்னை பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாரைத் தாண்டி, செகண்ட் லைன் பீச் ரோட்டில் சாயங்காலம் வரிசையாக நிற்கும் வண்டிகளில் பல வருஷமாகச் சாப்பிட்டு வருகிறேன். வேலை பாரிமுனையில், வீடு திருவொற்றியூரில். கும்மிடிப்பூண்டி வண்டி ஏறுவதற்கு முன் ஒரு தட்டு என்பது பழக்கமாகிவிட்டது. எந்தக் கடை நல்ல கடை என்று கண்டுபிடிக்க இத்தனை காலமும் எனக்குக் கைகொடுத்தது அந்த வாழைத்தண்டு சூப்புதான்.

நூடுல்ஸும் முட்டைக்கோஸும் எல்லா வண்டியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சூப்பில் ஏமாற்ற முடியாது. வாழைத்தண்டை நார் எடுத்துப் பொடியாக நறுக்கி, இஞ்சி, பூண்டு, மிளகு சேர்த்து, கடலைமாவு கரைத்து ஊற்றி, பச்சை வாசனை போகிற வரை பொறுமையாகக் கொதிக்க வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டிருந்தால் முதல் வாயிலேயே மாவு நாக்கில் ஒட்டும், தண்டு பல்லில் சிக்கும். சூப்பு இலவசம், கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். அதனாலேயே சில இடங்களில் நேரம் ஆக ஆகத் தண்ணீர் சேர்ந்துகொண்டே போகும். ராத்திரி எட்டரைக்கும் சூப்பு கெட்டியாக இருக்கிற வண்டியில், பூண்டையும் கருக விடமாட்டார்கள். இது நான் திரும்பத் திரும்பப் பார்த்த உண்மை.

பூண்டு ஏன் முக்கியம் என்றால், அத்தோவின் ருசியில் பாதி அந்த எண்ணெயில் இருக்கிறது. நூடுல்ஸை வேகவைத்து, ஆறவைத்து, எண்ணெய் தடவி வண்டியில் குவித்திருப்பார்கள். நாம் கேட்டதும் ஒரு கிண்ணத்தில் ஒரு பிடி நூடுல்ஸ், மெல்லிசாகச் சீவிய முட்டைக்கோஸ், பச்சை வெங்காயம், பொன்னிறமாகப் பொரித்த வெங்காயம், பொரித்த பூண்டு, அந்தப் பூண்டு எண்ணெயில் ஒரு கரண்டி, புளித்தண்ணி, உப்பு, விதையோடு இடித்த மிளகாய், கொத்தமல்லி. மேலே பேஜோ என்கிற மொறுமொறுப்பான பொரித்த தட்டையை நொறுக்கிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, கையால் பிசைவார்கள். அந்தப் பிசைதல்தான் வேலை. கரண்டியால் கிளறினால் புளியும் எண்ணெயும் தனித்தனியாக நிற்கும். விரல் போய்வந்தால்தான் ஒவ்வொரு இழையிலும் ஏறும். இப்போது பல வண்டிகளில் கையுறை போட்டுப் பிசைகிறார்கள். ருசியில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. சுத்தத்துக்கு யோசிக்கிறவர்கள் அப்படிப்பட்ட கடையாகப் பார்த்து நிற்கலாம்.

தட்டுக்கு அடுப்பே தேவையில்லாத சாப்பாடு இது. சூப்புக்கு ஒரு அடுப்பு இருந்தால் போதும், கடை போட்டுவிடலாம். கையில் காசில்லாமல் வந்து இறங்கியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் நினைப்பேன். 1962-இல் பர்மாவில் நே வின் ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த இரண்டு வருஷத்தில் கடைகளும் வியாபாரமும் அரசுடைமை ஆயின. 1964 மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறி மெட்ராஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள். வியாசர்பாடியிலும் எர்ணாவூர்ப் பக்கமும் குடியமர்ந்தார்கள். 1969-இல் துறைமுகத்துக்கு எதிரிலேயே பர்மா பஜார் வந்தது. மூட்டையில் கொண்டுவர முடியாததைக் கைப்பழக்கத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள். நாம் இன்று தட்டில் வாங்குவது அதைத்தான்.

பர்மாவில் மொஹிங்கா காலை உணவு. மீன் போட்ட குழம்பில் அரிசி நூடுல்ஸ், அதிலும் வாழைத்தண்டு உண்டு. நம் வண்டிகளில் பெரும்பாலும் மீன் கிடையாது, நேரமும் சாயங்காலத்துக்கு மாறிவிட்டது. இங்கே அதை மொய்ங்கா என்று கேட்டால் நூடுல்ஸ் மேல் சூப்பை ஊற்றித் தருவார்கள். மழை நாளில், தொண்டை கட்டியிருக்கும்போது, அத்தோவைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். சைவக்காரர்கள் முட்டை, கோழி போடாத வண்டியா, சூப்பில் என்ன சேர்க்கிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சாப்பிடலாம்.

முட்டை சாப்பிடுகிறவர்கள் முட்டை மசாலாவை விடவே கூடாது. அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் அடைத்து, புளித்தண்ணியும் மிளகாயும் விட்டுக் கையில் தருவார்கள். முழுசாக வாயில் போட வேண்டும். கடித்துக் கடித்துச் சாப்பிட்டால் பாதி சட்டையில்தான் போகும். நான் வழக்கமாக நிற்கும் வண்டியில் ஒரு அக்கா, புதுசாக வந்தவர்களிடம், "ஒரே வாய்ல போட்டுக்கோப்பா, அப்பதான் தெரியும்" என்று சொல்லாமல் கொடுக்க மாட்டார்.

ஃப்ரை அத்தோ, சிக்கன் அத்தோ எல்லாம் பின்னால் பெருகியவை. கல்லில் போட்டு முட்டையோடு கொத்தித் தரும் ஃப்ரை சூடாக, காரமாக இருக்கும், பசிக்கு நல்லதுதான். ஆனால் சூட்டில் முட்டைக்கோஸ் வதங்கிப் புளி அடங்கிவிடும். அப்புறம் அது எந்தத் தெருமுனையிலும் கிடைக்கிற ஃபாஸ்ட் ஃபுட்தான். முதல் தடவை போகிறவர்கள் தயவுசெய்து சாதா அத்தோவே கேளுங்கள்.

பார்சல் வேண்டவே வேண்டாம். ரயிலில் வீடு வந்து சேர்வதற்குள் உப்பு பட்ட முட்டைக்கோஸ் தண்ணீர் விட்டு, பேஜோ நமத்து, நூடுல்ஸ் கட்டியாகிவிடும். வீட்டில் யாருக்காவது கட்டாயம் கொண்டுபோக வேண்டுமென்றால், "அண்ணா, பேஜோவும் புளித்தண்ணியும் தனியா கட்டிடுங்க" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வீட்டில் பிசைந்துகொள்ளலாம்.

ஒரு குறை மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நூடுல்ஸின் ஆரஞ்சு நிறம். கண்ணைப் பறிக்கிற அளவுக்குக் கலர் சேர்க்கிற வண்டிகள் இருக்கின்றன, சாப்பிட்ட விரலைக் கழுவினாலும் சாயம் நிற்கும். அங்கே நான் இரண்டாவது தடவை போவதில்லை. வெளிர் மஞ்சளாக நூடுல்ஸ் வைத்திருக்கும் வண்டிகளும் அதே தெருவில் இருக்கின்றன. ருசி ஒரு துளியும் குறையாது. வாங்குகிற நாம் கேட்டால் மாற்றுவார்கள் என்று நம்புகிறேன், நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

விலை ஏறியிருக்கிறது, வெங்காய விலை ஏறும் நாட்களில் பொரித்த வெங்காயம் குறையும். ஆனாலும் கைக்கு எட்டாத சாப்பாடாக இது ஆகிவிடவில்லை. சுமை தூக்குகிறவரும், கோர்ட் முடிந்து வருகிற வக்கீலும், காலேஜ் பிள்ளைகளும் ஒரே வண்டியைச் சுற்றி நின்றுதான் சாப்பிடுகிறோம்.

ஆறு மணிக்கு முன்னால் போனால் கூட்டம் குறைவு, பூண்டு அப்போதுதான் பொரித்ததாக இருக்கும். மிளகாயை முதல் தட்டில் கம்மியாகவே சொல்லுங்கள். போதவில்லை என்றால் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், போட்டதை எடுக்க முடியாது. பாரிமுனை வரை வர முடியாதவர்கள் வியாசர்பாடிப் பக்கம் தேடுங்கள், அங்கேயும் நல்ல கை இருக்கிறது. எங்கே நின்றாலும் முதலில் சூப்பு.