கடல்காற்றில் ஓர் ஆஷ் கியூ: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஸ்னூக்கர் புதிதாகக் கற்கிறவர்கள் முதலில் கேட்பது எந்த பிராண்ட் வாங்கலாம் என்றுதான். பிராண்ட் அப்புறம். முதலில் எப்போதும் ஒரே கியூவில், அதாவது பந்தை அடிக்கும் ஒரே கோலில் ஆடுங்கள். கிளப்பில் சுவரோரம் நிற்கும் ஸ்டிக்குகளில் ஒன்றின் டிப் (நுனியில் ஒட்டியிருக்கும் தோல்) விரிந்து தட்டையாகியிருக்கும், இன்னொன்று வளைந்திருக்கும், இன்று நீங்கள் எடுத்தது நாளைக்கு வேறொருவர் கையில் இருக்கும். பந்து விலகிப் போனால் தப்பு கையிலா கட்டையிலா என்று கண்டுபிடிக்கவே முடியாது. சொந்தக் கியூ வாங்கினால் இந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். எனக்கு அதுதான் பெரிய லாபம்.

என்னுடையது ஆஷ் மரம், 58 அங்குலம், 9.5 மி.மீ. டிப், எடை 18 அவுன்ஸ், அதாவது 510 கிராம் சொச்சம். நடுவில் கழற்றி இரண்டு துண்டாக எடுத்துப்போவது. ஒரே துண்டாகவோ, முக்கால் பாகத்தில் கழற்றுவதாகவோ இருந்தால்தான் அடி சுத்தமாகக் கையில் தெரியும் என்று சொல்வார்கள், சரி, இருக்கலாம். ஆனால் நான் இருப்பது கடலூர் மஞ்சக்குப்பம், எனக்குப் பிடித்த 12 அடி மேசை இருப்பது பாண்டிச்சேரியில். சாயங்காலக் கூட்டத்தில் பஸ்ஸில் அந்த நீளப் பெட்டியை யார் முகத்திலும் இடிக்காமல் கொண்டுபோவது பெரும்பாடு, இரண்டரை அடிப் பெட்டி என்றால் மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். விதிகள் ஊட்டி கிளப்பில் வகுக்கப்பட்ட ஆட்டம் இது, அதற்கு நான் பஸ் ஏற வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

ஆஷ் மரமா மேப்பிள் மரமா என்றால் ஆரம்பத்துக்கு ஆஷ் என்பேன். அதன் மேல் அம்பு முனை மாதிரி ரேகைகள் தெளிவாகத் தெரியும். அவை ஒவ்வொரு முறையும் மேல் பக்கம் வருகிற மாதிரி பிடித்தால் கியூவை ஒரே விதமாகப் பிடிக்கும் பழக்கம் தானாக வந்துவிடும். மேப்பிள் வழவழப்பு, ரேகை கண்ணுக்கு அவ்வளவாகப் படாது. வாங்கும்போது மேசையில் உருட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பின்முனையைக் கண்ணருகே வைத்து, மெல்லச் சுற்றிக்கொண்டே நுனிவரை பாருங்கள், வளைவு இருந்தால் தெரிந்துவிடும். டிப்பை 9.5க்கும் கீழே குறைக்க வேண்டாம். சிறிய டிப்பில் ஸ்பின் நன்றாக வரும்தான், ஆனால் நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பட்டாலும் 52.5 மி.மீ. பந்து எங்கேயோ போய்விடும்.

நம் ஊர்க் காற்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உப்பும் வியர்வையும் சேர்ந்து கட்டை பிசுபிசுத்துவிடும், விரல்கள் நடுவே சறுக்காமல் ஒட்டும். ஆடி முடித்ததும் லேசாக ஈரமான துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் இன்னொரு தரம் துடைப்பேன், எப்போதாவது ஆளி விதை எண்ணெய் ஒரு துளி, அவ்வளவுதான். டிப்புக்குக் கீழே இருக்கும் பித்தளை வளையம் கறுத்துவிட்டது, ஆட்டத்துக்கு அதனால் ஒன்றும் கெடவில்லை. வெயிலில் நிற்கும் வண்டியில் மட்டும் பெட்டியை விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேசைத் துணியே ஈரம் குடித்துப் பந்து மந்தமாக ஓடும். அப்போது பலமாக அடித்துப் பழகினால் கை கெட்டுவிடும் என்பதால், நான் அந்த மாதங்களில் கிட்டத்துப் பந்துகளை மட்டும் ஆடுவேன்.

டெக்னிக் என்று பார்த்தால், வெள்ளைப் பந்தைப் பிரவுன் பந்துக்கான புள்ளியில் வைத்து, மேசை நடுக்கோட்டில் நீலம், பிங்க், கறுப்புப் பந்துகளுக்கான புள்ளிகளின் மேலேயே நேராக அடித்து, எதிர்க் குஷனில் (மேசையின் ரப்பர் ஓரத்தில்) பட்டுத் திரும்பி வந்து டிப்பிலேயே தொடுகிறதா என்று பார்க்கும் பயிற்சிக்கு ஈடு இல்லை. இடமோ வலமோ விலகி வந்தால், நடுவில் அடிக்கவில்லை அல்லது கை கோணுகிறது என்று அர்த்தம். வலக்கைக்காரர் என்றால் வலது பாதம் அடிக்கும் கோட்டின் மேல், வலது கால் விறைப்பாக, இடது முழங்கால் கொஞ்சம் மடங்கி. மேசை மேல் ஊன்றும் கையில் விரல்களை அகல விரித்து, கட்டை விரலைத் தூக்கி, அந்தப் பள்ளத்தில் கியூவை ஓட விடுங்கள். மோவாய் கியூவைத் தொடட்டும். பின்கையில் கியூவை இறுக்கவே கூடாது. பின்னால் இழுத்ததும் ஒரு நொடி நிறுத்தி, அப்புறம் அடியுங்கள். எங்கள் கிளப்பில் ஸ்கோர் குறிக்கும் மார்க்கர் அண்ணன் என்னிடம் ஓயாமல் சொன்னது ஒன்றே ஒன்று: "தம்பி, பந்து குழிக்குள்ள விழற சத்தம் கேட்ட பிறகு தலையத் தூக்குங்க." என் ஆட்டம் மாறியதில் பாதி அந்த ஒரு சொல்லால்தான்.

பயிற்சிக்கு மதியம் போங்கள், கூட்டம் இருக்காது, தனியாக மேசை கிடைக்கும். புதிய கியூவுக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்து நல்ல தோல் டிப் போட்டுக்கொள்ளுங்கள், விளிம்பு வெளியே பிதுங்கினால் உடனே சீவி விடுங்கள். பூல் மேசையில் இதை வைத்து பிரேக் (பந்துக் கூட்டத்தைச் சிதறடிக்கும் முதல் அடி) அடிக்க வேண்டாம், அந்த 57 மி.மீ. பந்தின் கனத்தை இந்த மெல்லிய நுனி தாங்காது. அதற்குக் கிளப் ஸ்டிக்கே போதும்.